பனிக்கு வாங்கிய சங்கிலி

சிதம்பரத்தில் ஒன்பது மணிக்குத் தங்கை மகளுக்கு முகூர்த்தம். தாய்மாமன் நான், பட்டு வேட்டியோடு, புதுச்சத்திரம் அருகே கார்த்திகைச் சேற்றில் சிக்கிய காரோடு நிற்கிறேன். "பனிக்குன்னே கப்பல்ல வந்தது சார்" என்று கடலூர்க் கடைக்காரர் சொன்னதும், எந்தப் பனி என்று கேட்காமல், அந்தச் சொல்லுக்கே குளிர்ந்துபோய் வாங்கிய டயர்ச் சங்கிலி இது. சீமையின் பனிக்கட்டிச் சாலைக்கானதாம். இங்கே சக்கரத்தை இன்னும் ஆழமாகப் புதைக்கிறது.

கரும்பு வண்டிக்காரர் குனிந்து பார்க்கிறார். "கார் ஓடிப்போயிடும்னா சார் கட்டி வெச்சிருக்கீங்க?"

சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தடியில் காய்ந்த கரும்புச் சோகையைத் திணிக்கிறார். கார் ஒரே உறுமலில் மேடேறுகிறது.

நன்றியோடு சங்கிலியை நீட்டுகிறேன். "உங்க மாட்டுக்கு வெச்சுக்குங்க."

தூக்கிப் பார்த்துத் திருப்பித் தருகிறார். "மாட்டுக்குக் கனம் ஜாஸ்தி சார். கல்யாணத்துக்குத்தானே போறீங்க? மாப்பிள்ளைக்குப் போடுங்க."