மஞ்சளாக வந்த குழந்தை

போனை எடுத்தது நான்தான். எதிர்முனையில் ஒரு பெண் குரல், யார் என்றுகூடச் சொல்லாமல் ஆரம்பித்தது.

"பிரிண்டர் பாக்குறவங்க இருக்காங்களா? இன்னிக்கே வரணும். எங்க வீட்டுக்காரங்க சவூதில வேலைய விட்டுட்டு வரேங்குறாங்க."

"பிரிண்டருக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"போட்டோல புள்ள மஞ்சளா வருது. நேர்ல வாங்க, சொல்றேன்."

ஊரையும் பிரிண்டரின் மாடல் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அப்போது நான் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் விற்று, சர்வீஸும் செய்கிற ஒரு கடையில் வேலை பார்த்தேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். சொந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போட்டுக்கொண்டிருந்தார். சர்வீஸ் ஆட்களில் நான் ஒருத்திதான் பெண். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவில் வரும்போது டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த காலம் போய், கம்ப்யூட்டர், டிஜிட்டல் கேமரா, பிரிண்டர் என்று கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். லீவு முடிந்து அவர்கள் விமானம் ஏறியதும் அந்தச் சாமான்களெல்லாம் வீட்டுப் பெண்களின் பொறுப்பு. அதனால் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் அழைப்புகளில் முக்கால்வாசி என் பேரில்தான் விழும்.

முதலாளி சொன்னார்: "அதிராம்பட்டினமா? நீயே போயிட்டு வாம்மா. வீட்டுல ஆம்பளைங்க இருக்க மாட்டாங்க. கையோட புது கலர் கார்ட்ரிட்ஜ் ஒண்ணு எடுத்துக்க. மாத்திப் போட்டா முடிஞ்சுது."

அப்படித்தான் நானும் நினைத்தேன். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, அங்கே மாறி, உச்சிவெயிலில் போய் இறங்கினேன்.

அந்த வீடு

கதவைத் திறந்த பெண்ணின் பெயர் பர்வீன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெண் ஒருத்தி பையோடு நிற்பதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. "நீங்களேதானா? வாங்கக்கா, உள்ள வாங்க," என்றாள். உள்ளே அவளுடைய மாமனார் காதர் பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மளிகைக் கடை வைத்திருந்தவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். தொட்டிலில் மூன்று மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பர்வீன் ஒரு போட்டோவை என் கையில் கொடுத்தாள். பளபளப்பான போட்டோ தாளில் குழந்தையின் முகம். அதைப் பார்த்து எனக்கே திக்கென்றது. முகம் முழுக்கப் பச்சை கலந்த மஞ்சள். உதடுகூடச் சிவப்பாக இல்லை.

"இதே மாதிரி ஒண்ணுதான் போன மாசம் தெரு ஆளு ஒருத்தருகிட்ட குடுத்து அனுப்பினேன். எங்க வீட்டுக்காரங்க புள்ளையப் பாத்ததே இல்லக்கா. அவங்க போனப்புறம்தான் பொறந்துச்சு. போட்டோவப் பாத்துட்டு, புள்ளைக்கு மஞ்சக்காமால, என்கிட்ட மறைக்கிறீங்கன்னு ஒரே சத்தம். வேலைய விட்டுட்டு வந்துடுறேங்குறாங்க."

"போன்ல சொன்னா நம்ப மாட்டாரா?"

பர்வீன் மாமனாரைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்.

"நம்ப மாட்டான்மா. அவன் உம்மா படுத்த படுக்கையா கெடந்தப்போ, நல்லா இருக்கான்னே சொல்லிட்டு இருந்தேன். தூரத்துல இருக்கவன், பதறிப் போயிடுவானேன்னு பயம். அவ மவுத்தாகி, அடக்கம் பண்ணினப்புறம்தான் சொன்னேன். இப்ப நான் என்ன சொன்னாலும் அவனுக்குப் பொய்யாத்தான் படுது."

பர்வீனின் கணவருடைய பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருந்தது. ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு வந்தால் மறுபடி அங்கே போக முடியாது. அவர் இருந்ததோ பாலைவனத்தில் ஒரு கேம்ப். கம்ப்யூட்டரில் படம் பார்க்கவும் வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அன்று சாயங்காலம் சென்னைக்குக் கிளம்பி, அங்கிருந்து ரியாத் போகிறார். அவர் கையில் நல்ல போட்டோ ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"பட்டுக்கோட்டைல காட்டினோம். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க." பர்வீன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா அந்தப் போட்டோவப் பாத்துப் பாத்து எனக்கே இப்பல்லாம் புள்ள மஞ்சளாத்தான் தெரியுது. காலைல எந்திரிச்சதும் ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போயி கண்ணப் பாக்குறேன்."

புது கார்ட்ரிட்ஜ்

முதலில் ஒரு டெஸ்ட் பக்கம் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு சரி. மஞ்சள் சரி. நீலமும் ஓரளவு சரி. மெஜந்தா என்கிற ரோஸ் நிறப் பட்டை இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளைத் தாள். முகத்தின் நிறத்துக்கு மெஜந்தாதான் உயிர். அது இல்லாவிட்டால் யார் முகமானாலும் காமாலை வந்த மாதிரிதான் அச்சாகும்.

காரணம் புரிந்ததும் தெம்பாக இருந்தது. பையிலிருந்து புது கார்ட்ரிட்ஜைப் பிரித்துப் போட்டேன். பிரிண்டர் ஏற்கவில்லை. விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. திரையில், இந்த கார்ட்ரிட்ஜ் இந்தப் பிரிண்டருக்கு உரியதல்ல என்று வந்தது. கழற்றித் துடைத்துப் போட்டேன், அதே பதில்தான். மாடல் எண் ஒன்றுதான். ஆனால் அது வளைகுடாவில் வாங்கிய பிரிண்டர். அந்தப் பகுதிக்கென்று விற்கிற கார்ட்ரிட்ஜை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"என்னக்கா, ஆகாதா?" என்றாள் பர்வீன்.

"பழச உயிர்ப்பிச்சுப் பாப்போம்," என்றேன். எனக்கு நிச்சயமில்லை.

அந்த மாதிரிப் பிரிண்டரில் மை தெளிக்கிற துளைகள் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். மை காய்ந்து துளை அடைத்துக்கொண்டால், வெந்நீரில் நனைத்த துணிமேல் வைத்து ஊறவிடலாம். ஆனால் அந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் ஊறவைத்தால் இருக்கிற துளையும் போய்விடும்.

"இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற தண்ணி இருக்கா?"

"டிஸ்டில்டு வாட்டர் கேன் இருக்கு," என்று பாயே எழுந்து போய் எடுத்துவந்தார்.

சின்னப் பாத்திரத்தில் அதைக் காய்ச்சி, பழைய வெள்ளை மல் வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து நனைத்து, அதன்மேல் கார்ட்ரிட்ஜை உட்கார வைத்தேன். பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. பர்வீன் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

காத்திருந்த நேரத்தில் காரணமும் தெரிந்தது. "அச்சடிச்சதும் பிரிண்டர எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டேன்.

"சுவத்துல சுவிட்ச அணைச்சுடுவேன்மா. கரண்டு வேஸ்டாகக் கூடாதுல்ல," என்றார் பாய்.

பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தி நிறுத்தினால், கார்ட்ரிட்ஜ் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்கார்ந்துகொள்ளும். மை காயாது. சுவரில் அணைத்தால் நின்ற இடத்திலேயே வாய் திறந்து கிடக்கும். அதைச் சொன்னதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுக்கும் நான்தான் காரணமா!" என்றார். பர்வீன் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது.

கார்ட்ரிட்ஜை எடுத்து உலர்ந்த துணியில் ஒற்றினேன். மஞ்சள் கோடு, நீலக் கோடு, வேறொன்றுமில்லை. தண்ணீரை மறுபடி சூடாக்கி மறுபடி ஊறவைத்தேன். இந்த முறை ஒற்றியபோது ஓரத்தில் வெளிறிய ரோஸ் நிறம் கசிந்தது. மூன்றாவது முறை, குங்குமத்தைக் கரைத்துக் கோடு போட்ட மாதிரி அழுத்தமாக விழுந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. டெஸ்ட் பக்கத்திலும் மெஜந்தா முழுதாக வந்தது.

செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று இருந்ததை போட்டோ தாள் என்று மாற்றி, அதே படத்தை எடுத்தேன். பச்சை போய்விட்டது. உதடு சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் இன்னும் லேசான மஞ்சள்.

பர்வீன் போட்டோவையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரிண்டர் சரியாகிவிட்டது. அப்படியானால் குழந்தைக்கு நிஜமாகவே ஏதாவது இருக்குமோ?

"இத எங்க வச்சு எடுத்தீங்க?"

"உள் ரூம்ல. சாயங்காலம். ஃபிளாஷ் அடிச்சா புள்ள கண்ணுக்கு ஆகாதுன்னு அணைச்சுட்டேன். குண்டு பல்பு வெளிச்சத்துலதான்."

"புள்ளைய முற்றத்துக்குத் தூக்கிட்டு வாங்க," என்றேன்.

முற்றத்தில் வெயில் நேராக விழாத, ஆனால் நல்ல வெளிச்சமான இடத்தில் வெள்ளை விரிப்பைப் போட்டோம். குழந்தை விழித்துக்கொண்டு கையைக் காலை உதைத்தது. நான் கேமராவை எடுத்தபோது பர்வீன் தடுத்தாள்.

"இருங்கக்கா. மாமா, நீங்க வந்து புள்ள நெஞ்சுமேல கைய வைங்க. உங்க கை நிறம் அவங்களுக்குத் தெரியும்ல? கை சரியா இருந்தா, புள்ளையும் சரின்னு நம்புவாங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. பாய் குந்தி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, குழந்தையின் மேல் கையை வைத்தார். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

பிரிண்டரிலிருந்து தாள் மெதுவாக வெளியே வந்தது. முதலில் விரிப்பு, வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அடுத்து பாயின் கை. பிறகு குழந்தை, கறுத்த மாநிறத்தில், கன்னம் சிவந்து, வாயைத் திறந்துகொண்டு. தாளின் மை காயும்வரை பொறுக்காமல் பர்வீன் அதைக் கொண்டுபோய் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "அழுவாதம்மா, நல்லாத்தானே இருக்கு," என்று பாய் சொன்னார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மாலை அசர் தொழுகைக்கு பாங்கு சொல்வதற்குள் போட்டோ பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டிக்குள் போய்விட்டது.

பிறகு

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு போன் வந்தது. காதர் பாய்.

"போட்டோ கெடைச்சிருச்சும்மா. ராத்திரி பேசினான்."

"என்ன சொன்னாரு பாய்?"

"'புள்ள என்னைய மாதிரி கறுப்பாத்தான் இருக்கா வாப்பா'ன்னான். சொல்லிட்டு ஒரே சிரிப்பு. வரலேம்மா. லீவுக்கே வரேன்னுட்டான்."

போனை வைத்தபின் முதலாளியிடம் சொன்னேன். "கார்ட்ரிட்ஜ் வித்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "சரி போ, சர்வீஸ் கால் முடிஞ்சுதுல்ல," என்றார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். போட்டோ சரியாக வரவில்லை என்று கூப்பிட்டால், நாம் திரையையும் தாளையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம். திரையே தப்பாக இருக்கலாம். படம் எடுத்த வெளிச்சம் தப்பாக இருக்கலாம். அன்றிலிருந்து, யார் வீட்டுக்குப் போனாலும் பிரிண்டரைத் திறப்பதற்கு முன் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "போட்டோவுல இருக்கவங்க வீட்டுல இருக்காங்களா? கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரச் சொல்லுங்க."