மிஸ் கழற்றிய பேனர்

மஹய்யாவ சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சரோஜா மிஸ் போய்ச் சேர்ந்துவிட்டாராம். "இப்ப போய் யாரு போகச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். கண்டி டவுனில் என்னை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் என் மீசையைக் கண்டாலே வழிவிடுவார்கள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சாரப் பாடம் எடுத்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். என் தங்கை மகள் கவிதா அவரிடம் பயிலுனர் பயிற்சியை முடித்ததும், கோவில் முன்னால் லொறி நீளத்துக்கு ஒரு பேனர் கட்டினேன்: 'மஹய்யாவ பெற்ற முதல் பெண் எஞ்சினியர்'. பெரஹரா ஊர்வலத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. யானைதான் குறைச்சல்.

மிஸ் வந்தார், படித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, என் ஏணியிலேயே ஏறி முடிச்சை அவிழ்த்தார்.

"மிஸ், ஊரே பார்க்குது!"

"பார்க்கட்டும். பிள்ளை இன்னும் எஞ்சினியர் இல்லை, அண்ணை. கம்பஸுக்குப் போகட்டும்."

"ஹோட்டல்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. கையில தொழில் இருக்கு. இன்னும் எதுக்குப் படிப்பு?"

"எஞ்சினியர் எண்டு எழுதினது நீங்கள்தானே? அப்ப ஆக்கிக் காட்டுங்கோ."

பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போயே விட்டார்.

பிறகு விட்டாரா? டிப்ளோமா, உயர் டிப்ளோமா, பட்டப்படிப்பு என்று ஏற்றிக்கொண்டே போனார். "முடிஞ்சுதா மிஸ்?" என்று கேட்டால், "பாதிதான் அண்ணை" என்பார். ஒரு படிப்புக்கு எத்தனை பாதி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கம்பஸில் கவிதா கணக்குப் பாடத்தில் தவறி, "ஹோட்டலுக்கே போறேன் மாமா" என்று அழுதாள். சரி போ என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மிஸ் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் குசினி மேசையில் கணக்கு. எனக்குச் சோறு போடவும் ஆளில்லை. போகும்போது, "பேனர் பத்திரமாக் கிடக்கு" என்றார்.

செத்த வீட்டில் மிஸ்ஸின் அக்கா அந்தப் பேனரை என் கையில் தந்தார். அந்துருண்டை வாசம், ஒரு கசங்கல் இல்லை. கவிதாவுக்குக் கடைசிப் பரீட்சை பாக்கி.

"கட்டவா?" என்று கேட்டேன்.

"பாதிதான் மாமா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மிஸ்ஸை அறிந்தவர்களே, அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பேனர்தான். அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. நான் எதற்காவது பொறுத்திருந்ததாக மஹய்யாவ பக்கம் ஒருவரும் சொல்லமாட்டார்கள். இதற்குப் பொறுத்திருக்கிறேன். ரிசல்ட் வருமுன் கட்டினால், அந்த மனுசி செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏணியில் ஏறுவார்.