எட்டு அடி வந்த கேட்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆபீசில் அளவுத் தாள் எழுதிய பழக்கம் உண்டே தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் இப்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இதை வாயால் சொல்ல முயன்றபோதெல்லாம் பாதியில் நிறுத்திவிட்டேன். கேட்பவர் முகம் மாறுவதைப் பார்த்தால் எனக்கு மேலே சொல்ல வராது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. விவேக் நகரில் ஒரு எஸ்டிமேட் ஆபீசில் வேலை. யாராவது கட்டடம் கட்டுவதாக இருந்தால் பிளான் எங்களிடம் வரும். எத்தனை செங்கல், எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு மண் தோண்ட வேண்டும் என்று பிளானை அளந்து சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அதற்கு ஒரு சாப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். ஸ்கேன் செய்த பிளான் திரையில் தெரியும். அறையின் ஒவ்வொரு மூலையிலும் மவுசால் ஒரு கிளிக். கடைசி மூலையும் முதல் மூலையும் சேர்ந்தவுடன் அந்த அறை மஞ்சளாகிவிடும், பக்கத்தில் சதுர அடி வந்து நிற்கும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அளக்கத் தொடங்கும் முன், தாளில் அளவு எழுதியிருக்கிற ஏதாவது ஒரு கோட்டின் இரண்டு முனையையும் கிளிக் செய்து, இது இத்தனை அடி என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் மற்றதையெல்லாம் அளக்கும். ஓரத்தில் 'ஒரு அங்குலத்துக்கு எட்டு அடி' என்று அச்சடித்திருப்பதை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. ஜெராக்ஸ் எடுத்து எடுத்துப் படம் சுருங்கியிருக்கும். முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

வீடு நீலசந்திராவில். ஒரு காம்பவுண்டுக்குள் ஒரே நீளக் கட்டடம், அதைத் தடுத்து ஐந்து வீடு, ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி அகலம். கேட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் நானும் அக்காவும் இருந்தோம். அக்கா பிளவுஸ் தைப்பாள். காலையில் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். ஓனர் இடத்தை ஒரு பில்டருக்கு விற்றுவிட்டார். மற்ற நாலு குடும்பமும் காலி செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. லிங்கராஜபுரத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், அக்கா மட்டும் அசையவில்லை.

"என் கஸ்டமரெல்லாம் இந்தத் தெருவுலதான் கீறாங்க. பில்டரே வந்து என்னைத் தூக்கினு போவட்டும். நாலு ஆளா கூட்டினு வரச் சொல்லு, நான் வெயிட்டா கீறேன்" என்பாள்.

ஐந்து வீட்டில் ஒன்றில் மட்டும் விளக்கு எரிகிற காம்பவுண்டு எப்படி இருக்கும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குழாயடியில் வாளி வைக்கிற சத்தம்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் என் மேஜைக்கு ஒரு பழைய சர்வே படம் வந்தது. ஏதோ ஒரு அபார்ட்மென்ட் வேலை, இடிக்கவும் தோண்டவும் அளவு எடுக்க வேண்டும். திரையில் திறந்தேன். ஒரு காம்பவுண்டு. பின்பக்கம் பெரிய சாக்கடைக் கால்வாய் வளைந்து போகிற இடத்தில் ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தது. அந்த வெட்டுப்பட்ட மூலையில்தான் இருபது வருஷமாக நான் துணி காயப்போடுகிறேன்.

எங்கள் ஐந்து வீடும் படத்தில் ஒரே நீளப் பெட்டியாக இருந்தன. நடுச்சுவர்கள் இல்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் ஆங்கிலத்தில் கையெழுத்து: கிணறு, கல் பாவி மூடியது, ஆழம் நாற்பது அடி.

இப்படி ஒரு கிணறு இருப்பதாக யாரும் சொன்னதில்லை. அது எந்த வீட்டுக்குள் வருகிறது என்று உடனே தெரிய வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் ஓரத்தில் அச்சடித்திருந்த ஸ்கேலையே கொடுத்துவிட்டேன். கட்டடத்தின் கேட் பக்கச் சுவரிலிருந்து வட்டத்தின் நடு வரைக்கும் கோடு இழுத்தேன். இருபத்தோரு அடி. அப்படியென்றால் இரண்டாவது வீடு. காலி வீடு. தண்ணீர் குடித்துவிட்டு மற்ற அளவுகளையும் எடுத்து முடித்தேன்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன்.

"பக்கத்து வூட்டுலயா கெணறு?" அக்கா தைப்பதை நிறுத்தவில்லை. "அப்ப அங்க மெஷின் ஓட்றது யாரு?"

"எந்த மெஷின்?"

"பகல்ல ஓட்றாங்களே. நான் மிதிச்சா அங்கயும் மிதிக்கிறாங்க. நிறுத்துனா அவங்களும் நிறுத்துறாங்க. பில்டர் யாரையோ குடி வெச்சிருக்கான்னு நெனைச்சேன். என்கூடப் போட்டி போடறா போல, போடட்டும், பட்டன் ஓட்டையை என்னை மாதிரி எவளும் போட முடியாது."

வெளியே போய் இரண்டாவது வீட்டுக் கதவைப் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவித் துவாரத்தின் மேல் ஒட்டடை கிழியாமல் இருந்தது. கிணறாக இருந்தால் எதிரொலி வரத்தானே செய்யும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை என்ஜினியர் சார் என் அளவுத் தாளோடு வந்தார். கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார்.

"ஏன்ரீ அம்மா, கேட் எட்டு அடின்னு போட்டிருக்கீங்க. படத்துல பத்துன்னு இருக்கே. லாரியை மடிச்சு உள்ளே எடுத்துட்டுப் போறதா?"

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. கேட்டின் இரண்டு முனையையும் கிளிக் செய்து பத்து என்று தட்டினேன். திரையில் இருந்த எண்ணெல்லாம் ஒரே நேரத்தில் பெரிதாயிற்று. கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்க, எண்கள் மட்டும் வளர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தோரு அடி இப்போது இருபத்தாறு அடி மூன்று அங்குலம். வட்டத்தின் அகலம் ஐந்து அடி.

இருபத்து நாலு அடியில் எங்கள் வீடு தொடங்குகிறது.

"சார், வீட்டுக்குப் போயிட்டு வரணும். டேப் எடுத்துக்கறேன்" என்றேன். அந்த ஆபீசில் நானாக எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை என்பதால் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ஆட்டோ பிடித்துப் போனேன். பன்னிரண்டு மணி வெயில். அக்கா யாருக்கோ நீல பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். வெளியே கேட் பக்கச் சுவரிலிருந்து டேப்பை ஓட்டினேன். எங்கள் நடுச்சுவர் சரியாக இருபத்து நாலில் வந்தது. உள்ளே வந்து, வாசலிலிருந்து படத்தில் கண்ட தூரத்தில் நின்று, அந்தச் சுவரிலிருந்து இரண்டே கால் அடி அளந்தேன். டேப்பின் நுனி அக்காவின் ஸ்டூலுக்கு அடியில் போய் நின்றது.

"இன்னாடி, எனக்கே அளவு எடுக்கறியா?"

குனிந்தபோதுதான் மெஷினின் கால்களைச் சரியாகப் பார்த்தேன். மூன்று கால் தரையில் இருந்தது. நாலாவது காலுக்கு அடியில் அட்டைகள். மடித்து மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆறோ ஏழோ இருந்தன. அடியில் இருந்தவை மக்கிப் போயிருந்தன, மேலே இருந்தது புதுசு.

"இது எப்போ வெச்சே?"

"ஆடினா வைக்கிறதுதான். போன வாரம் ஒண்ணு வெச்சேன்."

அக்காவின் துணி மார்க் பண்ணுகிற சாக்பீஸை எடுத்தேன். நூலில் இரண்டரை அடி விட்டு, ஸ்டூல் பக்கத்தில் ஒரு முனையை அமுக்கிக்கொண்டு வட்டம் போட்டேன். மெஷின், ஸ்டூல், அக்கா, வெட்டுத் துணிப் பை எல்லாம் உள்ளே இருந்தன. ஒரு பக்கம் வட்டம் சுவரில் முட்டி நின்றது. மீதி அடுத்த வீட்டுக்குள் இருந்தது.

"கெணறு இங்கதான்கா. நேத்து நான் தப்பா அளந்துட்டேன். நாப்பது அடி. மேல கல்லு, அதும்மேல சிமெண்டு. கல்லு எறங்குது. எழுந்து வா."

"உன் கம்ப்யூட்டர் நேத்து அங்கன்னுச்சு, இன்னிக்கு இங்கன்னுது. நாளைக்கு அடுத்த தெருவுலன்னு சொல்லும்." அக்கா சிரித்தாள். "இந்தா பார். நான் எத்தினி வருஷமா மிதிக்கிறேன். சத்தம் கேக்கணும்னா கேளு."

மிதித்தாள். மெஷின் ஓடியது. கூடவே இன்னொன்று ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. தரைக்கு அடியில், ரொம்பக் கீழே, அதே வேகத்தில். அக்கா நிறுத்தினாள், அதுவும் நின்றது. திரும்ப மிதித்தாள், திரும்ப வந்தது. நிறுத்தினாள்.

"பாத்தியா? சொன்னேன்ல" என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மறுபடி மிதிப்பதற்காக வலது காலைத் தூக்கினாள்.

கால் இன்னும் மிதிபலகையில் படவில்லை. நான் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் அந்தரத்தில் இருக்கும்போதே தரைக்கு அடியில் ஓட ஆரம்பித்துவிட்டது.

எதிரொலியைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. பின்னால்தான் வரும் என்று தெரியும்.

அக்கா காலை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கீழே சத்தம் பத்துப் பன்னிரண்டு தையல் போகிற நேரம் ஓடி, தானாக நின்றது. அக்காவின் முகத்தில் கேலி போய்விட்டிருந்தது. நீல பிளவுஸை ஊசியிலிருந்து மெதுவாக விடுவித்தாள். ஸ்டூலிலிருந்து எழுந்து, சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையைப் பிடித்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்ததில்லை.

"லிங்கராஜபுரத்துல ஒரு வூடு கீதுன்னியே," என்றாள். "இன்னும் காலியா இருக்குதா?"

"கேக்கறேன்."

"இப்பவே கேளு."

மறுநாள் வீட்டைக் காலி செய்தோம். வட்டத்துக்குள் யாரும் போகாமல் மெஷினுக்குக் கயிறு போட்டு வாசலில் நின்று இழுத்தோம். ஆட்டோ மூன்று தடவை போய் வந்தது. எனக்கு ஒன்றரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.