கோழிப் பண்ணைக்காரரின் குழந்தை வளர்ப்புக் கோட்பாடு

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ் மதராகச் சேர்ந்தேன். மெட்ராஸில் பயிற்சி முடித்த கையோடு வந்தவள். குழந்தையின் தேவைகளை வட்டத்துக்குள் வட்டமாக விளக்கும் சார்ட்டை முதல் நாளே சுவரில் மாட்டினேன். காப்பகத்தின் செயலாளர் கோழிப் பண்ணை முதலாளி. வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க அம்மிணி, இதுல தீனித் தொட்டி எங்க வருது?" என்றார்.

மறு வாரமே சின்னப் பிள்ளைகள் அறையில், குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க ஷெட்டில் போடும் பெரிய பல்பைத் தொங்கவிட்டார். சோர்ந்த பிள்ளையைக் கண்டால், கோழிக்குச் சீக்கு பார்ப்பதுபோல் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் பாப்பாத்தி வந்தாள். ஆறு வயது. தாய் தகப்பன் இல்லை. சொந்தக்காரர்கள் வீடு வீடாக மாற்றி வைத்திருந்து, கடைசியில் எங்களிடம் விட்டார்கள். பேசவில்லை, சோற்றைத் தொடவில்லை. என் வட்டங்கள் ஒன்றும் உதவவில்லை.

"சீக்குக் கோழியத் தனியாப் பிரிக்கோணும் அம்மிணி. சேலத்து ஹோமுக்கு அனுப்பிடலாம்" என்றார் செயலாளர்.

இன்னொரு இடம் மாறினால் பிள்ளை தாங்காது. சார்ட்டை விட்டுவிட்டு அவர் வழிக்கே போனேன்.

"ஏனுங்கய்யா, ஷெட்டு மாத்துனா கோழி தீனி எடுக்குங்களா?"

"எடுக்காதுங்க. மெரளும்."

"இவ எத்தனை ஷெட்டு மாறி வந்திருக்கா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பச் சீக்கில்லீங்க, மெரட்சி. மாத்தப்படாது."

அன்றைக்கே பண்ணைச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. புது நிறம் கண்டால் கோழி மிரளுமாம். ஆகவே பாப்பாத்திக்கு நான் மட்டும், ஒரே நீல நிறச் சேலையில் சோறு போட வேண்டும். கோழி திடுக்கிடாமலிருக்க, ஷெட்டுக்குள் போகும்முன் கதவைத் தட்டுவார்களாம். ஆகவே இங்கும் எல்லோரும் தட்ட வேண்டும். செயலாளரே தட்டிவிட்டு, "வரலாமுங்களா சாமி?" என்று வெளியே நிற்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் பாப்பாத்தி சாப்பிட ஆரம்பித்தாள். பேச்சுதான் வரவில்லை.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வந்தார். விறுவிறுவென்று அறைக்குள் நுழைந்தார். மூலையிலிருந்து பாப்பாத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிய போய்த் தட்டிப்போட்டு வாங்க."

அவர் திகைத்துப்போய் வெளியே போனார், தட்டினார். வாசலில் நின்ற செயலாளர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எந்தக் கோட்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டபோது செயலாளர் பல்பைப் பார்த்தார், நான் என் நீலச் சேலையைப் பார்த்தேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களே, எல்லாக் கோட்பாடுகளையும் படியுங்கள். ஆனால் இது தன் வீடு என்று நம்பி ஒரு பிள்ளை உங்களைக் கதவைத் தட்டச் சொன்னால், பேசாமல் வெளியே போய்த் தட்டுங்கள்.