பதிலுக்கு மேலே இருந்த கேள்வி

என் தம்பி போதகர். சின்ன வயதில் யாராவது வந்து கோள் சொன்னால், யார் யாரிடம் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று குடைந்த பிறகுதான் நம்புவான். வீட்டில் எல்லாருக்கும் எரிச்சலாக இருக்கும். எனக்கு மட்டும் உள்ளுக்குள் பெருமை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிரிந்திருக்கும் கணவன் மனைவியைப் பீடத்தின் முன் நிறுத்தி, தேவன் இணைத்ததை மனிதன் பிரிக்கக் கூடாது என்கிற வசனத்தைப் போதகர் வாசித்து, இருவர் கையையும் சேர்த்துவைப்பார். அதன் பிறகு அவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. பெண் வாங்கிய அடியும் அதோடு மூடி மறைக்கப்பட்டுவிடும்.

ஒரு ஞாயிறு அப்படி நிற்க வேண்டியவள், பாடகர் குழுவில் பாடும் தையல்காரி. புருஷன் சபைச் செயலாளர். அவர் முறித்த கையில் மாவுக்கட்டோடு அவள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். சேர்த்துவைக்காவிட்டால் தம்பிக்கு வேலை இருக்காது என்று சபைக் கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். செயலாளரோ வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, கல்யாணம் ஆகாத போதகருக்குக் குடும்பக் கஷ்டம் எங்கே புரியும் என்று கேட்டார்.

அடுப்படியில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் அது கேட்டது.

"ஐயா அந்த வசனத்தை வாசிச்சுட்டா நான் போய்த்தான் ஆகணும், அக்கா. இந்தத் தடவை உயிரோட திரும்பி வர மாட்டேன்."

தம்பியிடம் கேட்டேன். வாசிக்கத்தான் போகிறேன் என்றான். அங்கியை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன்.

ஞாயிறன்று இருவரும் பீடத்தின் முன் நின்றார்கள். செயலாளர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். தம்பி வாசிக்க ஆரம்பித்ததும் பெஞ்சுகளில் சலசலப்பு.

"ஐயா, அங்க இல்ல. கொஞ்சம் கீழ," என்றார் செயலாளர்.

"நாம எப்பவும் பதிலை மட்டும்தான் வாசிக்கிறோம். கேள்வி மேல இருக்கு," என்றான் தம்பி.

தொடர்ந்து அந்த வசனம்வரை வாசித்து முடித்தான். எந்தக் காரணத்துக்காகவும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று பரிசேயர்கள் என்ற யூத மதத் தலைவர்கள் இயேசுவைச் சோதித்துக் கேட்கும் இடம் அது. அந்தக் காலத்தில் விவாகரத்துச் சீட்டு எழுதிக் கொடுத்து மனைவியை அனுப்பும் உரிமை ஆணுடையது என்று விளக்கினான். சாப்பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்பதே போதும் என்று தீர்ப்புச் சொன்ன குருமாரும் இருந்தார்களாம். கேட்டவர்கள் ஆண்கள். பதிலும் அவர்களுக்குத்தான்.

"நினைச்ச நேரத்துல அவளைத் தூக்கிப் போடாதேன்னு புருஷனைத் தடுத்த வார்த்தை இது. அடி வாங்கிக்கிட்டே கிடன்னு அவகிட்ட சொன்னது இல்ல."

பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"இவர்கூடப் போக உனக்கு விருப்பமாம்மா?"

இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் நின்ற எந்தப் பெண்ணிடமும் யாரும் இதைக் கேட்டதில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். செயலாளர் ஓரடி நெருங்கினார். தம்பி நடுவில் வந்து நின்றான்.

"இல்ல, ஐயா," என்றாள் அவள்.

"அப்போ போய் உன் இடத்துல உட்காரு."

நீட்டிய கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு செயலாளர் வெளியேறினார். அவர் பின்னால் முன்வரிசை முழுக்கக் காலியானது. தம்பி அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னான். குரல் நடுங்கியது, எண் சரியாகத்தான் இருந்தது.

மாலையில் ஆலயத்தின் சாவியைக் கேட்டுக் கமிட்டி ஆள் அனுப்பியது. தம்பி எடுத்துக் கொடுத்தான். வந்தவர் அவளைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். இனி அவளை அழைத்துப்போக அவர்களிடம் சாக்கு இல்லை. சபை கூடியிருக்க வசனம் வாசித்தாகிவிட்டது, அதன் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் வழக்கம். கை சேரவில்லை என்பதை எல்லாரும் பார்த்தார்கள்.