ஏழு சொல் வாக்கியம்

பதிப்பகத்தில் எல்லாருக்கும் அவள் கமா அக்கா. பதினாறு வருடமாக அங்கே மெய்ப்புத் திருத்துகிறாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்து முணுமுணுவென்று வாசிப்பாள். மூச்சு வாங்குகிற இடத்தில் பச்சைப் பேனாவால் வாக்கியத்தை வெட்டுவாள். அத்தியாயத்தின் கடைசி வரி சொன்னதையே மறுபடி சொன்னால் அதற்கும் ஒரு கோடு விழும். யாரும் செய்யச் சொன்னதில்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

ஒருநாள் ஆய்வாளர் ஒருத்தி மடிக்கணினியோடு வந்தாள். பதிப்பகத்துக்கே சோறு போடுகிற பெரிய எழுத்தாளரின் பதினொரு நாவல்களையும் கணினியில் ஏற்றி, சொல் சொல்லாக எண்ணியிருந்தாள்.

"முதல் மூணு நாவல்ல ஒரு வாக்கியத்துக்குச் சராசரியா பதினெட்டு சொல் சார். நாலாவதுலேர்ந்து ஏழுதான். அத்தியாயமும் விளக்கம் சொல்லாம சட்டுனு முடியுது. அவரோட நடைன்னு எல்லாரும் கொண்டாடறது இதைத்தான். அப்போ அவர் வாழ்க்கையில என்ன நடந்துச்சு?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அந்த வருஷம் அவரோட அம்மா தவறிட்டாங்க. துக்கம் வந்தா பேச்சு குறைஞ்சிடும் இல்லையா?"

பக்கத்து மேசையில் கமா அக்காவின் பேனா நின்றது. அந்த வருடம்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். துக்கமாம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

ஆய்வாளர் போனதும் அலமாரியிலிருந்த பழைய மெய்ப்புகளை எடுத்துவந்து முதலாளியின் மேசையில் பரப்பினாள். பக்கத்துக்குப் பக்கம் பச்சை.

"அடுத்த புத்தகத்துல என் பேர் வரணும் சார். ஒரே ஒரு வரி போதும்."

அவர் தாள்களைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க பேரைப் போட்டா நாளைக்கு பைண்டிங் பண்றவரும் கேப்பாரு. நீங்க பிழையை மட்டும் பாருங்க."

"மட்டும்?"

"மட்டும்."

"அதை எழுதிக் குடுங்க சார்."

விளையாட்டு என்று நினைத்து அவரும் எழுதிக் கொடுத்தார். அவள் அதைத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

பன்னிரண்டாவது நாவல் வந்தது. எழுத்துப்பிழை ஒன்றைக்கூட அவள் விடவில்லை. வாக்கியம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கை துறுதுறுத்தபோதெல்லாம் பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். எழுத்தாளர் வழக்கம்போல மெய்ப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

புத்தகம் வெளிவந்த மூன்றாம் நாள் அவரே படியேறி வந்தார். முதலாளியின் அறைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அவளிடம் வந்து புத்தகத்தை மேசையில் போட்டார். ஆக, இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? இது என் எழுத்து மாதிரியே இல்லையே!"

கமா அக்கா எழுந்திருக்கவில்லை. சுவரில் இருந்த தாளைக் காட்டினாள்.

"இதுதான் சார் உங்க எழுத்து. நான் கையே வைக்கல."

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். அவள் பச்சைப் பேனாவை இழுப்பறைக்குள் போட்டு, அதைப் பூட்டினாள்.

"ரெண்டாம் பதிப்புக்கு இது வேணும்னா சொல்லுங்க. என் பேரை எப்படிப் போடணும்னு நானே எழுதித் தரேன்."