ஜஸ்டின் அண்ணனின் பேஸும் பிலோ அக்காவின் நிபந்தனையும்

“…அவர் பாய்க்குள்ள சுத்திக்கொண்டு வந்து தந்தா எனக்குத் தெரியவராது எண்டு நினைச்சீங்களோ, தம்பி? எந்தப் பாய் அவ்வளவு பாரம்?”

போனில் பிலோமினா அக்கா, கொட்டாஞ்சேனையிலிருந்து. வெள்ளவத்தை ஃப்ளாட்டின் பல்கனியில் நான். ஒரு கையில் சாண்ட் பேப்பர். மடியில் அவருடைய கணவரின் பேஸ் கிற்றார். பொய் சொல்ல வாயைத் திறந்தேன். தூசி போய் இருமல்தான் வந்தது.

அந்த இருமலே வாக்குமூலம் ஆகிவிட்டது.

ஜஸ்டின் அண்ணன் என் பழைய அலுவலக நண்பர். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் அவர் சீனியர், நான் ஜூனியர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் டையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, கலியாண வீடுகளுக்கு பேஸ் வாசிக்கப் போய்விடுவார். பேஸ் என்றால் முன்னால் நின்று மினுங்குகிற கிற்றார் அல்ல. நான்கே நான்கு தடித்த கம்பி. பின்னால் நின்று ‘டும் டும்’ என்று நடக்கும். அது இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நின்றுபோனால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும்.

குரூப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். பேஸ் கட்டிலுக்குக் கீழே போனது.

இப்போது அந்த குரூப்பின் பாட்டுக்காரர் ரெஜி மெல்பனிலிருந்து வருகிறார். மகளுக்குக் கல்கிசையில் கலியாணம். பழைய ஆட்கள் எல்லோரும் மேடை ஏறவேண்டும் என்று வட்ஸப்பில் முடிவாகிவிட்டது. ட்ரம்ஸ்காரர் முழங்கால் வலியோடு வருகிறாராம். ஜஸ்டின் அண்ணன் மட்டும் பதில் போடவில்லை. காரணம், பிலோ அக்கா. ஆகவேதான் அக்கா கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போன நேரம் பார்த்து, பேஸைப் பாயில் சுற்றி ஓட்டோவில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்து தந்தார். “ஐசே, நீர்தானே உடைஞ்சதெல்லாம் ஒட்டுறீர் எண்டு பேப்பரில எழுதுறீர். இதையும் ஒட்டும்.”

சரி, அக்காவுக்கு அந்தப் பேஸில் என்ன கோபம்?

போனில் அவரே சொன்னார். அப்போது புதுக் கலியாணம். பம்பலப்பிட்டியில் ஒரு ரிசப்ஷன். அக்கா முன்வரிசையில், மடியில் கேக் தட்டோடு. பாட்டின் நடுவில் எல்லோரும் சேர்ந்து பாடும் இடம் வந்தது. ஜஸ்டின் அண்ணன் பேஸை வாசித்தபடியே மைக்குக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனார். அவ்வளவுதான். கரண்ட் ஷொக் அடித்து, ஆளைத் தூக்கிப் பின்னால் ட்ரம்ஸின் மேல் எறிந்தது.

“சனம் கை தட்டினது தம்பி. ஆட்டத்தில ஒரு பகுதியெண்டு நினைச்சு. நான் ஒருத்திதான் எழும்பி ஓடினனான். அவர் மீசை வைச்சிருக்கிறது வடிவுக்கு எண்டு நினைக்கிறீங்களோ? கீழ பாருங்கோ, சுட்ட தழும்பு இருக்கும்.”

இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த மீசையை நான் ஸ்டைல் என்றுதான் நினைத்திருந்தேன்!

பிறகு நிபந்தனை வந்தது. ரிப்பேர் செய்வதைச் செய்யலாம். ஆனால் கல்கிசை மேடைக்கு முதல், அவருடைய வீட்டில், அவருடைய கண்ணுக்கு முன்னால், அன்றைக்கு வாசித்த அதே அம்ப்பில், சத்தத்தைப் பெருக்கும் அந்தப் பெட்டியில், போட்டு வாசித்துக் காட்டவேண்டும். மைக்கும் இருக்கவேண்டும். “சின்னச் சுள் எண்டாலும், முகத்துவாரத்தில கொண்டுபோய்க் கடலுக்குள்ள எறிவன். அவரும் அந்தக் கலியாணத்துக்குச் சாப்பிடத்தான் போவார், வாசிக்க இல்ல.”

“ஒன்றுக்கும் யோசிக்காதீங்க அக்கா,” என்றேன். எனக்கு என்மேல் எப்போதும் நல்ல அபிப்பிராயம் உண்டு.

வேலை தொடங்கியது. எழுபதுகளில் ஜப்பானில் செய்த பேஸ். ஆனால் ஜப்பான்காரனே வந்து பார்த்தாலும் அடையாளம் காணமாட்டான். மேலே கார்களுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்பிரே. அதைத் தேய்த்தால் கீழே மாதா சுரூபத்தின் சால்வை நீலம். அதற்கும் கீழே, முட்டைப்பொரியல் ஓரம் கருகினதுபோல அழகான மஞ்சளும் பழுப்பும். அதுதான் அசல்.

நீலம் போனதும் முதுகில் ஒரு கட்டி தெரிந்தது. மேலே புட்டிப் பசை பூசி மூடியிருந்தது. சுரண்டினால்… மீன்பிடி வலையில் கட்டும் ஈயக்குண்டுகள்! மரத்தைக் குடைந்து வரிசையாகப் பதித்திருந்தார்கள்.

ஜஸ்டின் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். இது ஏன்?

கழுத்துப் பக்கம் கீழே சாய்ந்துகொண்டே இருந்ததாம். பாரம் சரிக்கட்ட ஈயம். ஏன் சாய்ந்தது? உடம்பில் ஒரு கொம்பை வாளால் அறுத்ததால். ஏன் அறுத்தீர்கள்? பாரம் கூடிவிட்டதாம்! பாரம் எப்படிக் கூடியது? இன்னொரு பிக்-அப் பூட்டினதால். பிக்-அப் என்றால், கம்பி அதிர்வதைச் சத்தமாக மாற்றும் காந்தக் கட்டை. அசல் பேஸில் ஒன்றுதான். இவர்கள் உளியால் பள்ளம் தோண்டி, வேறொரு கிற்றாரில் கழற்றின இரண்டாவதை வைத்து, அதற்கு இரும்புத் தகடும் அடித்திருந்தார்கள்.

ஏன் இரண்டாவது? முதலாவது முனகத் தொடங்கிவிட்டது. ஏன் முனகியது? சாமான் இறக்குமதி இல்லாத அந்தக் காலத்தில், ஃபேன் மோட்டருக்குக் கொயில் கட்டும் ஒருவரிடம் கொடுத்து, ஃபேன் கம்பியாலேயே சுற்றி எடுத்தார்களாம். பிக்-அப்புக்கு வேண்டியது தலைமயிரை விட மெல்லிய கம்பி. ஃபேன் கம்பி அதன் பெரியப்பா. ஏன் சுற்றக் கொடுத்தீர்கள்? சத்தம் செத்துப்போனது. ஏன் செத்தது? அதற்கு விடை உள்ளேயே இருந்தது. குழிக்குள் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டியிருந்தார்கள். அது வயரில் முட்டிக்கொண்டு கிடந்தது.

ஈயத்தாள் எதற்கு, அண்ணன்?

“இரைச்சல் ஐசே. ம்ம்ம்ம் எண்டு. இலையான் பண்ணை வைச்ச மாதிரி.”

நான் பல்கனியில் தனியாக இருந்து சிரித்தேன். கீழ் வீட்டு அம்மா, தன் துணியில் மரத்தூள் கொட்டுவதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அதற்கும் சேர்த்துச் சிரித்தேன். ஒரு மருந்துக்கு இன்னொரு மருந்து, அந்த மருந்தின் தொல்லைக்கு வேறொரு மருந்து… இது எங்கள் எல்லோரின் குளிசைப் பெட்டியும்தானே?

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஈயக்குண்டு போனது. அறுத்த கொம்பின் இடத்தில், யாரோ எறிந்த கட்டிலின் மகோகனித் தலைமாட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். பள்ளத்தை அடைத்தேன். மெல்லிய கம்பி தேடிப் புறக்கோட்டையில் ஏறி இறங்காத கடையில்லை. ஒரு கடை முதலாளி, “அய்யே, இது கம்பியா, சிலந்தி நூலா?” என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே தேடி எடுத்துத் தந்தார். மனைவியின் தையல் மெஷினில் பூட்டிச் சுற்றினேன். கம்பி அறுந்தது. மறுபடி சுற்றினேன். மனைவி என்ன சொன்னார் என்பது இந்தப் பத்திக்கு வேண்டாம்.

கடைசியில் ஒரு சின்ன விஷயம். கம்பிகள் வந்து முடியும் உலோகப் பாலத்துக்கு உள்ளேயிருந்து ஒரு வயர் போகும். கம்பியையும் அம்ப்பின் உடம்பையும் இணைக்கும் வயர். வாசிப்பவரின் கை கம்பியில் பட்டால் இரைச்சல் அடங்குவது அதனால்தான். அந்த வயர் அறுந்திருந்தது. இல்லை, அறுத்திருந்தார்கள். நுனியில் அரக்கு வேறு உருக்கி மூடியிருந்தது.

எவனோ ஒரு மடையன், என்று நினைத்தேன். ஈயம் உருக்கி மறுபடி பற்ற வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் ‘ஏன்’ என்று கேட்டவன், இந்த ஒன்றுக்கு மட்டும் கேட்கவில்லை.

என் வீட்டு அம்ப்பில் போட்டேன். சுத்தம்! ‘ஆன்’ ஆகியிருக்கிறதா என்று குனிந்து சிவப்பு பல்பைப் பார்க்கவேண்டியிருந்தது. ஒரு கம்பியைத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி சிலிர்த்தது. மைக்கிலும் வாயை வைத்துப் பார்த்தேன், ஒரு சுள்ளும் இல்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் அவர்களுடைய வீடு. ஜஸ்டின் அண்ணன் தன் பழைய அம்ப்பைத் துடைத்து, கோயிலில் பாடும் கொயர்க்காரரிடம் மைக் செட் இரவல் வாங்கி, சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு நின்றார். பேஸைக் கண்டதும் கை அவரை அறியாமல் நீண்டது. பிலோ அக்கா குறுக்கே கையை வைத்தார்.

“முதல்ல தம்பி.”

எனக்கென்ன பயம்? பட்டியைத் தோளில் மாட்டினேன். கம்பியில் கையை வைத்தேன். ஒரு இரைச்சல் இல்லை. அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு மைக்கிடம் குனிந்து, “ஹலோ…”

‘லோ’ வரவில்லை.

உதட்டில் ஆயிரம் ஊசி. தலைக்குள் ஒரு வெள்ளைப் பளிச். எப்படிப் பின்னால் பாய்ந்தேன் என்று தெரியாது, சோஃபாவில் இருந்தேன். அக்கா கத்தவில்லை. நேரே போய்ச் சுவர்ச் சுவிச்சை அணைத்தார். என் முகத்தைத் திருப்பி உதட்டைப் பார்த்தார். கண்ணில் நீர் நின்றது.

“கழட்டுங்கோ தம்பி. முகத்துவாரத்துக்கு ஓட்டோ பிடிப்பம்.”

ஜஸ்டின் அண்ணன் அயன் பண்ணின சேர்ட்டின் கைப் பொத்தான்களைப் பூட்டினார். கழற்றினார். மறுபடி பூட்டினார்.

அப்போதுதான் எனக்கு அந்த அரக்கு புரிந்தது. அறுத்தவன் மடையன் அல்ல. பம்பலப்பிட்டி விழுகைக்குப் பிறகு, ஷொக் கைக்கு வராமல் இருக்க யாரோ அதை அறுத்திருக்கிறான். அறுத்ததால்தான் இரைச்சல். இரைச்சலால்தான் ஈயத்தாள்… மற்றதெல்லாம் பின்னால் வந்தவை. நான் பேஸைக் கம்பனி விட்டபடியே திருத்தியிருந்தேன். கூடவே ஷொக்கையும் கம்பனி விட்டபடியே திருத்திக் கொண்டுவந்திருந்தேன்.

“ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் தாங்கோ அக்கா,” என்றேன். குரல் எனக்கே பழக்கமில்லாத குரல். அவர் குசினிக்குப் போனார்.

என் வீட்டில் ஷொக் இல்லை. இங்கே உண்டு. பேஸ் அதே பேஸ். அப்படியென்றால்?

அம்ப்பின் மூன்று கால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் திருகாணியைக் கழற்றினேன். சிவப்பு அதன் இடத்தில். கறுப்பு அதன் இடத்தில். பச்சை மட்டும் மடித்து, டேப் சுற்றி, ஒரு மூலையில் படுக்க வைக்கப்பட்டிருந்தது. ஏர்த் வயர். அம்ப்பின் உடம்பில் கசியும் கரண்ட்டை மண்ணுக்கு அனுப்பும் வயர். அது இல்லையென்றால் அந்தக் கரண்ட் வேறு வழி தேடும். கம்பி, கை, உதடு, மைக்.

“யார் அண்ணன் இந்த பிளக் பூட்டினது?”

ஜஸ்டின் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

“சிங்கப்பூர்ச் சாமான் ஐசே. அவன்ர பிளக் இஞ்ச கொள்ளேல்ல. நான்தான் மாத்தினனான். ரெண்டு வயரில பத்திச்சுது, வேலை செய்தது. பச்சை… சும்மாதானே நிண்டது.”

சும்மாதானே நிண்டது! வாசகர்களே, உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்கிறதா? ஈரக்கை என்று சொல்லிக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொள்கிறீர்களா? தயவுசெய்து ஆளைக் கூப்பிட்டு பிளக்கைத் திறந்து காட்டுங்கள். எங்கள் வீடுகளில் பாதி வயர்களை, ஒன்றும் செய்யாமல் நிற்கிறதே என்ற ஒரே குற்றத்துக்காக மடித்து வைத்திருக்கிறோம். காய்ச்சல் அம்ப்புக்கு. கத்தி வைத்தது பேஸுக்கு. வாள், உளி, ஈயம், ஃபேன் கம்பி… அந்தப் பாவப்பட்ட மரம் எதற்கும் காரணமில்லை.

நிமிர்ந்தால், தேத்தண்ணித் தட்டோடு பிலோ அக்கா வாசலில். எல்லாம் கேட்டிருக்கிறார்.

“அப்ப இது இல்ல,” என்றார் பேஸைப் பார்த்து. பிறகு கணவரைப் பார்த்து, “நீங்கதான்.”

ஜஸ்டின் அண்ணன் தலையாட்டினார்.

“இவ்வளவு காலமும் இதுக்குச் சாபம் போட்டுக்கொண்டு, இதுக்கு மேலயே படுத்திருக்கிறன்.”

பச்சை வயரை அதன் காலில் பூட்டி முறுக்கினேன். சுவரில் ஏர்த் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சுவிச்சைப் போட்டு, பேஸின் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே கரண்ட் பார்க்கும் மீற்றரைப் பிடித்தேன். பூச்சியம். மறுபடி பிடித்தேன். பூச்சியம். அக்காவிடம் காட்டினேன். அவர் மீற்றரைப் பார்க்கவில்லை, என் உதட்டைத்தான் பார்த்தார்.

இனி யாராவது வாயை வைத்துக் காட்டவேண்டும். நான் வைக்கிறேன் என்றேன். கால் எழும்பவில்லை. இல்லை ஐசே, பிழை விட்டது நான், நான் வைக்கிறேன் என்றார் ஜஸ்டின் அண்ணன். அவரும் அசையவில்லை. நீங்கள் மூத்தவர், நீர் விருந்தாளி என்று இரண்டு ஆண்கள் வெகு மரியாதையாக ஒருவரையொருவர் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தோம்.

பிலோ அக்கா தட்டை மேசையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றார். என் கையிலிருந்து பேஸை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அது அவர் முழங்கால் வரை தொங்கியது. நான்கு கம்பிகளையும் ஒரு பிடியாகப் பிடித்தார். நாங்கள் தடுக்க முதல் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தார்.

வீட்டுக்குள் அவர் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து.

கண்ணைத் திறந்தார். பட்டியைக் கழற்றிக் கணவரின் கழுத்தில் தானே மாட்டினார். பிறகு, பட்டிக்குள் அகப்பட்டுக்கொண்ட சேர்ட் கொலரை வெளியே எடுத்துவிட்டார்.